சின்ன வகுப்பில் போனும் டிவியும், படிப்புக்கும் பரிவுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்து அரசு, உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 3 வரை வகுப்பெடுக்கும் டீச்சர்களும் சார்களும், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டத்திலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும், சாயங்காலம் பள்ளி வாசலிலும் காதில் விழுந்தவை. கேள்வியைக் கேட்டவர் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறோம். ஏற்கெனவே சொன்ன பதில் தேவைப்படும் இடத்தில் கேள்வி எண் மட்டும் இருக்கும்.

1. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு எதுக்கு டிவியும் டேபும்? போர்டும் சாக்பீசும் போதாதா?

பெரும்பாலான வேலைக்குப் போதும். கூட்டல் கழித்தலுக்குப் புளியங்கொட்டையும், எழுதிப் பழக மணல் தட்டும் எந்தத் திரையையும்விட நல்லவை. ஐந்து புளியங்கொட்டையைக் கையில் அள்ளிய பிள்ளைக்கு ஐந்து என்றால் எவ்வளவு என்பது உள்ளங்கையில் தெரியும்.

கரும்பலகையால் ஆகாத வேலை மூன்று. முதலாவது ஒலி. ல, ள, ழ மூன்றையும் டீச்சர் குரலில் மட்டும் கேட்ட பிள்ளை, நாலைந்து பேர் குரலில் கேட்டால்தான் வித்தியாசத்தைச் சரியாகப் பிடிக்கும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத மெதுவான அசைவு. திங்கட்கிழமை ஈரப் பஞ்சில் பயறு வையுங்கள். காலையில் ஒரு படம், மாலை மணி அடிக்கும் முன் ஒரு படம் என்று வெள்ளிவரை போனில் எடுங்கள். போன் வைக்கும் இடத்தை மேசையில் சாக்பீசால் குறித்துவிட்டால் பத்துப் படமும் ஒரே கோணத்தில் வரும். வேகமாகத் தள்ளிக் காட்டினால் முளை கண்முன்னே எழும்பும். மூன்றாவது, பிள்ளை தன் குரலைத் தானே கேட்பது. இதைப் பற்றி 7-ஆம் கேள்வியில் விரிவாக இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத பாடத்துக்குக் கருவியை எடுக்க வேண்டாம்.

2. எங்க ஸ்கூல்ல ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் இல்ல. என் போன் ஒண்ணுதான். அத வச்சு என்ன செய்ய?

போனைக் காதுக்கு வையுங்கள், கண்ணுக்கு வேண்டாம். கையகலத் திரையை முப்பது பிள்ளைகளுக்குக் காட்டப் போனால் முன்னால் இருப்பவர் தலை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், இடி தள்ளு வரும், பாடம் அங்கேயே முடிந்தது. கதை, பாட்டு, ஒலி விளையாட்டு, பிள்ளைகள் குரல் பதிவு ஆகியவற்றுக்கு அதே போன் தாராளம்.

சார்ஜ் ஏறும் சிறிய ஸ்பீக்கர் ஒன்று வேண்டும், 5 முதல் 10 வாட் போதும். டீச்சர் மேசையில் வைக்காதீர்கள். பக்கச் சுவரின் நடுவில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காது உயரத்துக்கு ஒரு முக்காலி மேல் வையுங்கள். முன் வரிசைக்குக் கத்தலும் பின் வரிசைக்கு முணுமுணுப்புமாகக் கேட்கும் சிக்கல் இதிலேயே பாதி தீரும். புளூடூத்தைவிட வயர் நல்லது. பக்கத்து வகுப்பு சாரின் போன் முன்பு அந்த ஸ்பீக்கரோடு இணைந்திருந்தால், கதை நடுவில் அவர் போன் பாட்டு புகுந்துவிடும். தொடங்கும் முன் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். உச்சக்கட்டத்தில் ஒரு அழைப்பு வந்தால், கலைந்த பிள்ளைகளைத் திரும்பக் கதைக்குள் உட்கார வைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

3. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் காட்டலாம்? கண்ணு கெட்டுப் போவாதா?

ஊரடங்குக் காலத்தில், 2020-இல், மத்திய அரசு வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டுதல் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட அமர்வு இரண்டுக்கு மேல் கூடாது என்றது. அது பள்ளியே நடக்காத நாளுக்கான உச்ச வரம்பு. பள்ளி நடக்கும் நாளில் ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாள் முழுக்கச் சேர்த்து 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. அந்தப் பத்து நிமிடமும் தொடர்ந்து ஓடக் கூடாது. ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கேட்டு, பேசவிட்டு, பிறகு ஓட்டுங்கள்.

43 அங்குல டிவி என்றால் முதல் வரிசை ஆறடியாவது தள்ளி இருக்கட்டும். தரையில் உட்காரும் வகுப்பில் டிவியைச் சுவரில் மேலே மாட்டினால் பிள்ளைகள் கழுத்தை அண்ணாந்தே இருக்க வேண்டிவரும். பெஞ்ச் மேல் வைத்தால் சரியாக இருக்கும். கடைசி வரிசை 20 அடியில் இருந்தால் திரையில் எழுத்து 2 அங்குல உயரமாவது வேண்டும். எதிர்ச் சன்னலின் வெளிச்சம் திரையில் விழுந்தால் திரையைத் திருப்புங்கள். சன்னலை அடைத்து அறையை இருட்டாக்க வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்த முதல் பாடவேளையில் டிவி போட்டால் பாதிப் பேர் தூங்கிவிழுவார்கள். அப்பா அம்மா அதிகாலையில் ரப்பர் பால்வெட்டுக்கோ கடற்கரைக்கோ போகும் வீட்டில் பிள்ளையும் கூடவே எழும்பியிருக்கும். அந்த நேரத்தைக் கை வேலைக்கு விடுங்கள்.

4. பாடப்புத்தகத்துல உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா சுத்திக்கிட்டே கிடக்கு. என்ன வழி?

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஊருக்குள்ளும் காலை பத்து மணிக்கு வகுப்பில் வைத்துத் தேடுவது சூதாட்டம் மாதிரிதான். முந்தின நாளே வீட்டில் அரசின் பள்ளிப் பாடங்கள் உள்ள திக்‌ஷா செயலியில் அந்தப் பாடத்தைத் திறந்து, பதிவிறக்கக் குறியைத் தொட்டு, விமானப் பயன்முறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்படியே ஓடினால் வகுப்பிலும் ஓடும்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. செயலிக்குள் இறங்கிய பாடம் அந்தச் செயலிக்குள்தான் ஓடும். பென் டிரைவில் நகலெடுத்து டிவியில் போட முடியாது. அதற்கு டேபை டிவியோடு இணைக்க வேண்டும். வாங்கும் முன் பாருங்கள்: எல்லா டேபின் டைப்-சி துளையும் படம் அனுப்பாது, சார்ஜ் மட்டும் ஏற்கும் வகையும் இருக்கிறது.

நீங்களே எடுத்த வீடியோவைப் பென் டிரைவில் போடுவதானால் எம்பி4 வடிவம் பாதுகாப்பு. படம் வந்து சத்தம் வரவில்லை என்றால், ஒலிப்பகுதி அந்த டிவிக்குத் தெரியாத வகையில் இருக்கிறது என்று பொருள். ஒலியை ஏஏசி வகைக்கு மாற்றினால் சரியாகும். பழைய டிவிகள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை மட்டும் படிக்கும், அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. கோப்புக்குத் தமிழில் பேர் வைத்தால் சில டிவியில் கட்டம் கட்டமாகத் தெரியும். 01, 02, 03 என்று எண் போட்டு, எந்த எண் எந்தப் பாடம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

5. மழை, இடி வந்தா சுவிட்ச ஆஃப் பண்ணினா போதாதா?

போதாது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. ஐப்பசி இடிக்கு எத்தனையோ டிவி போயிருக்கிறது. மின்னல் அதிர்வு சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியைத் தாண்டி வரும், கேபிள் வயர் வழியாகவும் இணைய வயர் வழியாகவும் வரும். பிளக்கையும் அந்த வயர்களையும் கழற்றிவிட வேண்டும். ஸ்பைக் கார்டு என்ற பாதுகாப்புப் பிளக் பலகை சின்ன மின் ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும், பக்கத்தில் விழும் இடியைத் தாங்காது. கழற்றுவது பெரியவர் வேலை. இடி கேட்கத் தொடங்கிய பிறகு வயரில் கை வைக்காதீர்கள், வானம் கருக்கும்போதே கழற்றுங்கள்.

முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக் காற்று வேறு வகையில் வேலை செய்யும். துளைகளில் பச்சை நிறத்தில் படிந்து தொடர்பு அறுந்துபோகும். டிவியைப் பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணியால் மூடுங்கள். கோடை விடுமுறையிலும் யாராவது வாரம் இருமுறை அரை மணி நேரம் போட்டு வைத்தால் உள்ளே சூடேறி ஈரம் உலரும்.

6. ஆடியோ கதையில வர்ற தமிழே எங்க பிள்ளையளுக்குப் புரியல டீச்சர். நாங்க பேசறது வேறயால்ல இருக்கு?

வேறுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். பலா இங்கே சக்கை, மரவள்ளி இங்கே மரச்சீனி, முந்திரிப்பழம் இங்கே கொல்லாம்பழம், மிளகு இங்கே நல்லமிளகு. மேற்கே போகப் போக வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். மலையில் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு இன்னொன்று. முதல் வகுப்பில் பிள்ளை வாயைத் திறந்து சக்கை என்று சொன்னதும் தப்பு, பலா என்று சொல் என்றால், அது அடுத்த தடவை வாயைத் திறக்காது.

அதற்குப் பதிலாகச் சொல் பெட்டி ஒன்று செய்யுங்கள். வாரம் ஐந்து சொல். பொருளின் படத்தைக் காட்டி, ஒரு பிள்ளை எங்க வீட்டில சக்கை என்றும், இன்னொரு பிள்ளை புத்தகத்தில பலா என்றும் சொல்லப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து விநாடிதான். ஒரு பருவம் முடியும்போது அறுபது சொல்லாவது சேர்ந்திருக்கும், எல்லாம் பிள்ளைகள் குரலில். ஆடியோ கதையைப் போடும் முன் அதில் வரும் நாலு புதுச் சொல்லை இந்தப் பெட்டியில் கேட்கவிட்டால் கதை தானாகப் புரியும். கதைக்குப் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் 2015 முதல் நான்கு வாசிப்பு நிலைகளில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் அச்சிடலாம், நம் ஊர்ச் சொல்லுக்கு மாற்றியும் வாசிக்கலாம். ஆக்கியோர் பெயரை மட்டும் விடக் கூடாது.

கட்டட வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலி கைகொடுக்கும். தனிச் சொல்லாகக் கொடுத்தால் பொருள் மாறிப் போகும், பசிக்கிறதா, வா விளையாடலாம் என்று முழு வாக்கியமாகக் கொடுங்கள். வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிச் சரிபாருங்கள். அதோடு நிறுத்தாமல், தண்ணீர், வா, உட்கார், வலிக்குதா, நாளைக்குப் பார்ப்போம் என்ற ஐந்தையும் அந்தப் பிள்ளையின் மொழியில், அந்தப் பிள்ளையின் குரலிலேயே பதிவு செய்து வகுப்பு முழுக்கக் கற்கட்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் டீச்சர்.

7. பிள்ளை வாசிக்கறத ரெக்கார்ட் பண்ணி என்ன ஆவப்போவுது?

மூன்று வாரம் முன் தான் வாசித்ததையும் இன்று வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்ட பிள்ளைக்குத் தன் வளர்ச்சி யாரும் சொல்லாமல் தெரியும். சின்ன வகுப்புகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். அரும்பிலேயே நிற்பதாகத் தோன்றும் பிள்ளையும் எங்கே நகர்ந்திருக்கிறது என்று டீச்சருக்கு இந்தப் பதிவு காட்டிக்கொடுக்கும்.

வகுப்புக்கு வெளியே வராந்தா மூலையில், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, 40 விநாடி. ஒரே பத்தியைத்தான் இரண்டு தடவையும் வாசிக்க வேண்டும். கோப்புக்குப் பிள்ளையின் பெயர் வேண்டாம், வருகை எண்ணும் தேதியும் போதும். நாளுக்கு மூன்று பேர் என்றால் 24 பிள்ளைகளை எட்டு நாளில் முடித்துவிடலாம். ஒரு பிள்ளையின் பதிவை இன்னொரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டவே கூடாது. நன்றாக வாசித்ததை எல்லோருக்கும் போட்டால் என்ன என்று கேட்பார்கள். நாளைக்கு நம்மளதையும் போட்டுவிடுவார்களோ என்று திக்கி வாசிக்கும் பிள்ளை அன்றே பயந்துபோகும்.

வாசிப்பைத் தானே திருத்தும் செயலிகளை முழுக்க நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் பெரியவர் குரலில் பழகியவை. முன்பல் விழுந்த ஆறு வயதுப் பிள்ளை ‘ச’ என்பதைக் காற்றாகச் சொன்னால் செயலி சிவப்புக் காட்டும். பிள்ளைக்குத் தெரிந்த சொல் அது, பல் முளைக்கவில்லை, அவ்வளவுதான்.

8. அன்பு, இரக்கம் எல்லாம் டிவி பாத்து வருமா?

பார்த்து மட்டும் வராது. நீதிக்கதை வீடியோவை முழுக்க ஓட்டி, கடைசியில் இதனால் அறிவது யாதெனில் என்று முடித்தால், பிள்ளைகள் ஒரே குரலில் சரியான பதிலைச் சொல்லிவிட்டு வாசலில் செருப்புக்குச் சண்டை போடுவார்கள். கதையைப் பாதியில் நிறுத்துவதில்தான் வேலை இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட கதை ஒன்றை எடுங்கள். கதைமாந்தரின் முகம் மாறும் இடத்தை முந்தின நாளே பார்த்து, நிமிடமும் விநாடியும் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அந்த இடத்தில் நிறுத்தி, சத்தத்தை அணைத்து, இந்த முகம் என்ன சொல்லுது, நீ பக்கத்துல இருந்தா என்ன செய்வே என்று மட்டும் கேளுங்கள். இரண்டிரண்டு பேராக எழுந்து நடித்துக் காட்டட்டும். மீதிக் கதையை மறுநாள் போடலாம், போடாமலும் விடலாம்.

கருவியை மனிதரை நோக்கித் திருப்புவது இன்னும் நல்லது. இரண்டு நாளாக வராத பிள்ளைக்கு வகுப்பே சேர்ந்து 20 விநாடிக் குரல் அனுப்பலாம். ஏன் வரலை என்று கேட்க வேண்டாம், இன்னைக்குப் பயறு முளைச்சுது, நீ வந்து பாரு என்று செய்தி இருக்கட்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் நம் பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் சமைக்கும் அக்காவுக்கு ஒரு குரல் பதிவு செய்யலாம். வெறும் நன்றி என்று விடாமல், எந்த நாள் என்ன பிடித்தது என்று சொல்லச் சொல்லுங்கள், அப்போதுதான் பிள்ளை நினைத்துப் பார்த்துப் பேசும்.

கைப்படம் என்று ஒன்றும் செய்யலாம். பெற்றோர் சம்மதத்தோடு அவர்கள் கைகளை மட்டும் படம் எடுங்கள்: தோவாளையில் பூக்கட்டும் கை, குலசேகரத்தில் பால்வெட்டும் கை, குளச்சலில் வலை பழுது பார்க்கும் கை, ஆட்டோ ஓட்டும் கை. ஆறு படம் போதும். ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, இந்தக் கை காலையில இருந்து என்ன செஞ்சிருக்கும் என்று கேளுங்கள். காய்ப்பு ஏறிய உள்ளங்கையைப் பெரிதாகப் பார்த்த பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் போய் அம்மா கையைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

9. டேப் ஒண்ணு, பிள்ளைய இருபத்திநாலு. எடுத்தாலே சண்டைதான் சார்!

ஆளுக்கொரு டேப் இருந்தால் இந்த வயதில் பேச்சு குறைந்துபோகும். ஒன்றே இருப்பது நல்லதற்குத்தான், ஆனால் முறை வேண்டும். மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் வாய், ஒருவர் விரல், ஒருவர் காது. எதைத் தொட வேண்டும் என்று வாய் சொல்லும், தொடாது. விரல் சொன்னதைத் தொடும், தானாக முடிவெடுக்காது. காது இருவரும் பேசுவதைக் கேட்டு, முடிவில் என்ன நடந்தது என்று டீச்சரிடம் சொல்லும். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். சமையல் டைமர் ஒன்று வைத்துக்கொண்டால் மணி அடித்ததும் யாரும் டீச்சரிடம் முறையிட மாட்டார்கள்.

ஒரு குழுவுக்கு 12 நிமிடம், நாளுக்கு இரண்டு குழு. 24 பேர் என்றால் எட்டுக் குழு, நாலு நாளில் முடியும். வெள்ளிக்கிழமை விடுப்பில் இருந்தவர்களுக்கு. யாருக்கு எப்போது என்ற பட்டியல் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் படத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தன் முறை செவ்வாய்க்கிழமை வரும் என்று கண்ணால் பார்த்த பிள்ளை காத்திருக்கும். வருமா வராதா என்று தெரியாத பிள்ளைதான் பிடுங்கும்.

முதல் வாரம் கெட்டிக்காரப் பிள்ளை விரலாக இருந்துகொண்டு, வாய் சொல்லும் முன்னே தொட்டுவிடும். திட்ட வேண்டாம். விரல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, சொன்ன பிறகே எடுக்கட்டும். பேசத் தயங்கும் பிள்ளையை முதல் சுற்றிலேயே வாயாகப் போடாதீர்கள். காது, விரல், கடைசியாக வாய் என்று போனால் அதற்குள் சொல் சேர்ந்திருக்கும்.

10. நல்ல காரியம் செஞ்ச பிள்ளைக்குப் பாயின்ட் போட்டு டிவியில காட்டினா எல்லாரும் நல்லா நடக்காவளே?

ஒரு மாதம் நடப்பார்கள். பிறகு பாயின்ட் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கீழே விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுப்பார்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் பாலர் பள்ளியில் பார்த்தது இதுதான்: படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டிச் சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தானாக வரைவது குறைந்தது. 2008-இல் வார்னெக்கன், தொமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தபோது, உதவிக்குப் பொருள் பரிசு வாங்கிய குழந்தைகள் அதன்பின் உதவுவது குறைந்தது. இன்னொன்றும் உண்டு. பட்டியலில் கடைசியில் நிற்கும் பெயர் எப்போதும் ஒரே பிள்ளையுடையதாக இருக்கும், அதை நாள் முழுக்கத் திரையில் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்.

பாயின்ட் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். நீ நல்ல பிள்ளை என்று பொதுவாகச் சொல்வதைவிட, அவன் தண்ணிக்குப்பி விழுந்தப்போ நீ ஓடிப்போய்த் துணி எடுத்தே, அவன் அழாம இருந்தான் என்று செய்ததையும் விளைந்ததையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு மனதில் நிற்கும்.

11. சேட்டை பண்ற பிள்ளைய டிவி போடும்போது வெளிய நிப்பாட்டலாமா?

கூடாது. டிவியில் ஓடுவது பாடம் என்றால் பாடத்தை மறுப்பதாகும். பாடம் இல்லையென்றால் அதைப் போட்டிருக்கவே வேண்டாம். உடல் தண்டனையும் மன உளைச்சலும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லோரும் பார்க்க வெளியே நிறுத்துவது மன உளைச்சலில் சேரும். அந்தப் பிள்ளையை வீடியோவை நிறுத்தும் வேலைக்கு வையுங்கள். கையில் ரிமோட்டும் கண்ணில் டீச்சர் சைகையுமாக இருக்கும் பிள்ளைக்குச் சேட்டை பண்ண நேரம் இருக்காது.

12. பிள்ளைகள் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்புல போடலாமா?

முகம் தெரியும் படம் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். 2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் கேட்கிறது. சட்டத்துக்கு அப்பாலும் யோசியுங்கள். குழுவில் போட்ட படம் யார் போனில் எங்கே போகும் என்று நம் கையில் இல்லை.

பிள்ளை வரைந்தது, கட்டியது, எழுதியது, அல்லது கை மட்டும், இவை போதும். எடுக்கும் முன் பிள்ளையிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இலவச நோட்டு, செருப்பு, உடை வாங்கும் பிள்ளையின் படத்தை எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். டீச்சரின் சொந்தப் போனில் படங்களைத் தானாக இணையக் கணக்கில் சேமிக்கும் வசதி திறந்திருந்தால், நாம் அழித்த பிறகும் அங்கே கிடக்கும். அந்தக் கோப்புறைக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் தேவையில்லாததை அழியுங்கள். குரல் பதிவுக்கும் இதே முறைதான்.

13. அவ அப்பா கல்ஃப்ல. இவன் அப்பா கடலுக்குப் போனா வர ஒரு மாசம். அவங்களையும் சேர்த்துக்க ஏதாவது வழி உண்டா?

குரல்தான் வழி. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர்கள் திரும்ப வாரக்கணக்கு ஆகும், நடுக்கடலில் சிக்னலும் இருக்காது. ஆகவே நேரடி அழைப்பை நம்பாமல் 30 விநாடிப் பதிவாக அனுப்புங்கள், கரை சேர்ந்ததும் கேட்பார்கள். அப்பாவோ அம்மாவோ ஒரு சின்னக் கதையையோ, தான் சின்னதில் விளையாடிய விளையாட்டையோ சொல்லி அனுப்பினால் வகுப்பிலும் போடலாம், அனுமதி கேட்டுவிட்டு.

ஒரு கவனம் மிக முக்கியம். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஓக்கி புயல் இந்தக் கடற்கரையில் எத்தனையோ வீட்டில் ஆளைக் கொண்டுபோனது. இழப்பு அந்த ஆண்டோடு நின்றுவிடவும் இல்லை. அப்பாவுக்குப் பேசு, அம்மாவுக்குப் பேசு என்று வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லாதீர்கள். உனக்குப் பிரியமான ஒருத்தருக்குப் பேசு என்று சொல்லுங்கள். பாட்டாவோ மாமியோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராக இருந்தாலும் சரி. கைப்படத்துக்கும் இதே சொல்தான்.

14. காது மந்தமான பிள்ளை, கண்ணு தெளிவில்லாத பிள்ளை இருந்தா?

ஒரு காதை மட்டும் ஸ்பீக்கர் பக்கம் திருப்புவது, டிவி பக்கம் நகர்ந்துகொண்டே போவது, எழுத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது ஆகிய மூன்றையும் கருவி இருக்கும் வகுப்பில் எளிதாகக் கவனிக்கலாம். பார்த்தால் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் பெயரைக் கொடுங்கள், பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பிள்ளை ஸ்பீக்கருக்கு அருகிலும், 9-இல் சொன்ன மூவரில் டேபுக்கு நேராகவும் உட்காரட்டும். திடீர்ச் சத்தம் தாங்காத பிள்ளை இருந்தால், போடும் முன் இப்போ சத்தம் வரும் என்று சொல்லிவிட்டு மெதுவாக ஏற்றுங்கள்.

15. ஏஐ கிட்ட கேட்டா கதையும் படமும் தருதே, அத வகுப்புல போடலாமா?

டீச்சர் தயாரிப்புக்குப் பயன்படுத்தலாம், பிள்ளைகள் கையில் வேண்டாம். ஆறு வாக்கியக் கதை, ஒரு வாக்கியத்துக்கு நாலு சொல், கடற்கரை ஊர் என்று குறிப்பாகக் கேளுங்கள். வந்ததை உரக்க வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் தமிழ் பிசகியிருக்கும். ந, ன, ண மூன்றையும், ஒருமை பன்மையையும் சரிபாருங்கள். படத்துக்குள் தமிழ் எழுத்து வந்தால் பெரும்பாலும் உருக்குலைந்திருக்கும், எழுத்து பழகும் பிள்ளைக்கு அதைக் காட்டக் கூடாது. எழுத்தில்லாத படமாக எடுத்து நீங்களே எழுதுங்கள். பிள்ளையின் பெயர், படம், குரல், வீட்டு நிலைமை எதையும் அதில் கொடுக்காதீர்கள்.

16. குரல் பதிவுல ஒரு பிள்ளை வீட்டுல அடிக்காங்கன்னு சொல்லிட்டு. நான் என்ன செய்யணும்?

அமைதியாகக் கேளுங்கள். நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் எடுக்க வேண்டாம். பதிவை அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், வீட்டாரிடம் போட்டுக் காட்டாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் அன்றே நேரில் சொல்லி, 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலே போதும், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் விடுவதே குற்றம். இப்படிப் பேச்சு வரலாம் என்பதாலும்தான் 7-ஆம் கேள்வியில் பதிவைப் பெயரில்லாமல், மற்றவர் கேட்காமல் வைக்கச் சொன்னோம்.

17. டேப் ரிப்பேருக்குப் போயிருக்கு. அந்த வாய், விரல், காது விளையாட்டை அதுவரைக்கும் நிப்பாட்டி வைக்கவா?

நிறுத்த வேண்டாம். எட்டுப் பட அட்டையைத் தரையில் பரப்புங்கள். வாய் சொல்லட்டும், விரல் எடுக்கட்டும், காது கேட்டுச் சொல்லட்டும், அதே நாலு நிமிடம், அதே பட்டியல். சொல் பெட்டியை (6) இந்த நாட்களில் ஒரு நோட்டில் படம் வரைந்து தொடருங்கள். பதிவு செய்ய வேண்டியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால் டேப் திரும்பி வந்த அன்றே பிள்ளைகள் வரிசையாக வந்து பேசிவிடுவார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பழைய பதிவுகள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். ரிப்பேரில் சில சமயம் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். அடுத்த தடவை கொடுக்கும் முன் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, பிள்ளைகள் பதிவை டேபிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள்.